டீசல் டாங்கியில் தண்ணீரும் கசடும்: பழைய லோரி வைத்திருப்போர் அறிய வேண்டியவை

வெட்டிய செம்பனைக் குலைகள் 24 மணி நேரத்திற்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். தாமதமானால் எண்ணெயில் அமிலம் கூடித் தரம் இறங்கிவிடும். ஒரே ஒரு பழைய லோரியை நம்பிக் குலை ஏற்றும் நம்மவர்களுக்கு, வண்டி பாதி வழியில் நின்றால் அன்றைய வருமானம் போனதுதான். அப்படி நிற்க வைக்கும் காரணங்களில் ஒன்று டீசலில் கலந்த தண்ணீர்.

இந்தத் தண்ணீர் பெரும்பாலும் வண்டியிலேயே ஊறுவது. பாதி காலியான டாங்கியில் ஈரக்காற்று நிறைந்திருக்கும். இரவில் இரும்பு குளிரும்போது அந்த ஈரம் உட்சுவரில் துளிர்த்து, டீசலைவிடக் கனமானது என்பதால் அடியில் போய்த் தங்கும். இரும்பு துருப்பிடிக்கும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் பெருகிக் கறுத்த கொழகொழப்பாகப் படியும். மூடியின் ரப்பர் கிழிந்திருந்தால் மழைநீரும் உள்ளே இறங்கும்.

நம் நாட்டில் போக்குவரத்துத் துறைக்கு 2019 பிப்ரவரி முதல் பி10 டீசல் கட்டாயமானது. அதில் 10 விழுக்காடு செம்பனை பயோடீசல். சாதாரண டீசலைவிட இது ஈரத்தை அதிகம் இழுக்கும். பல ஆண்டுகளாகப் படிந்த அழுக்கையும் கரைத்துவிடும். கரைந்தது நேராகப் பில்டரில் போய் அடைக்கும். பழைய ரப்பர் ஹோஸ்கள் உப்பிக் கசியவும் கூடும்.

காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பது, மேட்டில் இழுவை குறைவது, புதிய பில்டர் சில நாளிலேயே அடைபடுவது ஆகியவை அறிகுறிகள். சந்தேகம் தீர எளிய வழி உண்டு. வண்டியை இரவு முழுவதும் நிறுத்திவிட்டு, காலையில் டாங்கியின் அடித்திருகைத் தளர்த்திக் கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் பிடியுங்கள். ஒரு மணி நேரத்தில் தண்ணீர் கீழே தனியாகப் பிரிந்து நிற்கும்.

தண்ணீர் மட்டும் என்றால் வடித்துவிட்டு, பில்டர்களை மாற்றினால் போதும். கறுத்த கசடோ துருவோ வந்தால் டாங்கியைக் கழற்றியே ஆக வேண்டும். உள்ளே இருக்கும் உறிஞ்சு குழாயின் வலையையும் மறக்காமல் பாருங்கள். பலர் தவறவிடுவது இதைத்தான். கழுவிய டாங்கி முழுவதும் காயட்டும். ஓட்டை இருந்தால் அவசரத்தில் வெல்டிங் வைக்கக் கூடாது. காலி டாங்கியில் தங்கிய ஆவி வெடித்து உயிரைப் பறிக்கும்; ஆவி நீக்கத் தெரிந்த பட்டறையிடம் விடுங்கள்.

எண்ணெய்க் குழாய்களை இரு முனையிலும் கழற்றியபின் காற்றடித்துச் சுத்தப்படுத்த வேண்டும். டீசல் பம்ப் பக்கம் மாட்டியிருக்கும்போது அடித்தால் அழுக்கு அதற்குள்ளேயே போய்விடும். கிருமிக்கொல்லி மருந்தை மட்டும் ஊற்றினால் போதும் என்ற பேச்சும் இருக்கிறது. மருந்து கிருமியைக் கொல்லும், செத்த கசடை அகற்றாது. ஊற்றினால் கையில் உபரி பில்டர் இருக்கட்டும்.

மாட்டி முடித்ததும் காற்றை எடுக்க வேண்டும். பில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்தி, குமிழி இல்லாத டீசல் வரும்வரை கைப்பம்பை அடித்து, பிறகு இறுக்குங்கள். அடுத்து டீசல் பம்பிலும் அதே வேலை. அப்போதும் ஸ்டார்ட் ஆகாவிட்டால், பழைய ரக இயந்திரங்களில் நாசல் நட்டுகளைச் சற்றுத் தளர்த்திச் சுற்றுவது வழக்கம். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும் என்பதால் கையையும் முகத்தையும் தள்ளி வையுங்கள். காமன் ரெயில் இயந்திரத்தில் இதைச் செய்யவே கூடாது, அங்கே அழுத்தம் பல மடங்கு.

இவ்வளவும் செய்தும் புகையும் இழுவைக் குறைவும் தொடர்ந்தால், தண்ணீர் டீசல் பம்பையும் நாசலையும் அரித்திருக்கலாம். டீசலே அவற்றுக்கு மசகு. தண்ணீருக்கு அந்தக் குணம் இல்லை. அது பம்ப் பட்டறையில் அளந்து பார்க்க வேண்டிய வேலை, செலவும் அதிகம். மாலையில் டாங்கியை நிரப்பி நிறுத்துவதும், வாரம் ஒருமுறை தண்ணீர் பிரிப்பானை வடிப்பதும் அந்தச் செலவைத் தள்ளிப்போடும்.

வடித்த கழிவைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். எண்ணெய்க் கசடும், எண்ணெயும் நீரும் கலந்த கழிவும் 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின்கீழ் அட்டவணையிடப்பட்ட கழிவுகள். மூடிய டின்னில் சேர்த்து, அவற்றை அகற்ற உரிமம் உள்ளவர்களிடம் ஒப்படைக்கும் பட்டறையில் கொடுக்கலாம்.