தொண்டையில் தொடங்கி நெஞ்சில் முடிந்த நோய்

பதுளைப் புகையிரதம் தெமோதரை நிலையத்தில் தரிக்கும்போதெல்லாம் என் பாடசாலைத் தோழன் ஒருவனின் நினைவு வரும். அருகிலிருந்த தேயிலைத் தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவன். ஏழாம் வகுப்பில் அவனுக்குத் தொண்டை நோவு வந்தது, மாறியது. மூன்று வாரங்களின் பின் முழங்கால்கள் வீங்கின. வளரும் பிள்ளைக்கு வரும் நோவுதான் என்றார்கள். இருபது வயதுக்குள் இருதயம் பழுதடைந்து இறந்துபோனான்.

அது வாதக் காய்ச்சல் என்பதைப் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த பின்னரே அறிந்தேன். அதற்குக் காரணமான கிருமி, மணிகள் கோத்த சங்கிலி போன்றது. 1874 இல் வியன்னாவின் சத்திரசிகிச்சை நிபுணர் பில்ரோத் அவ்வகைக் கிருமிகளுக்கு ஸ்ட்ரெப்டோகொக்கஸ் எனப் பெயரிட்டார். பிள்ளைப்பேற்றுக் காய்ச்சலில் தாய்மாரைக் கொன்றதும் இக்கிருமியே என 1879 இல் பாரிஸில் லூயி பாஸ்டர் எடுத்துக் காட்டினார்.

உடலின் காவலை இது எவ்வாறு ஏய்க்கின்றது? நம் மூட்டுகளில் உள்ள அதே பசைப்பொருளால் தன்னைப் போர்த்திக்கொள்கின்றது. ஆகவே உடல் அதை அந்நியன் என எளிதில் இனங்காண்பதில்லை. வெண்குருதிக் கலங்களை அழைக்கும் இரசாயனச் செய்தியை ஒரு நொதியத்தால் துண்டிக்கின்றது. அக்கலங்கள் விழுங்காதபடி 'எம்' என்னும் புரதத்தையும் மேலே அணிந்துள்ளது. நியூயோர்க்கில் ரெபெக்கா லான்ஸ்ஃபீல்ட் அம்மையார் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த புரதம் இது. இதில் இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. ஒன்றை வென்ற உடல் மற்றொன்றிடம் தோற்கலாம். கொடுமை யாதெனில், இக்கிருமிக்கு எதிராக உடல் ஆக்கும் பிறபொருளெதிரிகள், சிலரில், அதனை ஒத்திருக்கும் சொந்த இருதய வால்வுகளையே தாக்கிவிடுகின்றன.

இத்தனை தந்திரமிருந்தும், பெனிசிலினை எதிர்த்து நிற்க இக்கிருமி இன்றுவரை கற்கவில்லை. உரிய காலத்தில் மருந்தும், ஒருமுறை நோயுற்றவர்க்கு மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ஊசியும் போதும், இருதயத்தைக் காக்கலாம்.

வரலாறு கூறும் மற்றொன்றையும் மறத்தலாகாது. மேலைநாடுகளில் பெனிசிலின் வருமுன்பே இந்நோய் குறையத் தொடங்கிவிட்டது. நெரிசல் தணிந்த வீடுகள் அதற்கொரு முக்கிய காரணம் என்பர். பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பராவில் ஒரு குடும்பமே நெருக்கிப் படுத்தால், ஒருவரின் இருமல் அனைவருக்கும் உரியதாகின்றது. மலையகத்தில் லயன்கள் இன்னும் இருக்கின்றன.

பிள்ளையின் தொண்டை நோவை அலட்சியம் செய்யாதீர்கள் என்று தாய்மாருக்குச் சொல்வது எளிது. அந்தப் பிள்ளை உறங்கக் காற்றோட்டமுள்ள வீடு வேண்டும் என்பதை யாருக்குச் சொல்வது?