டின்னர் எந்த வேளை உணவு?

டின்னர் என்றால் இரவுச் சாப்பாடு என்றே பழகியிருக்கிறோம். ஆனால் அந்தச் சொல்லின் வேரைத் தோண்டினால் இரவு எங்குமே தட்டுப்படுவதில்லை. அது பழைய பிரெஞ்சு வழியாக, பேச்சு இலத்தீனின் 'டிஸ்யேயூனாரே' என்ற வினையிலிருந்து வந்தது. 'யேயூனுஸ்' என்றால் வெறும் வயிறு. அந்த நிலையை முறிப்பதே வினையின் பொருள். பிணத்தை அறுத்துப் பார்த்த பழங்கால மருத்துவர்கள், சிறுகுடலின் நடுப்பகுதி காலியாகக் கிடந்ததால் அதற்குச் சூட்டிய 'ஜெஜுனம்' என்ற பெயரிலும் இதே வேர் இருக்கிறது. ஆகவே டின்னர் முதலில் குறித்தது பட்டினி முறிக்கும் உணவைத்தான். பிரேக்பாஸ்ட் சொல்வதும் அதையேதான்.

அப்படியானால் அது இரவுக்கு எப்படிப் போனது? இடைக்கால இங்கிலாந்தில் நாளின் பெரிய சாப்பாடு முற்பகலிலேயே பரிமாறப்பட்டது. 1755இல் வெளியான சாமுவேல் ஜான்சனின் அகராதியும் டின்னரை நடுப்பகலை ஒட்டிய முதன்மை உணவு என்றே விளக்குகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டன் செல்வர்கள் அதைப் பிற்பகல் 3, 4, 5 மணி என்று தள்ளிக்கொண்டே போனார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அலுவலகம் வீட்டை விட்டு விலகியது, விளக்கொளியும் பெருகியது. டின்னர் 7, 8 மணிக்கு நகர்ந்தது. நடுவில் விழுந்த இடைவெளியை லஞ்ச் நிரப்பியது. மணி மாறியபோதும் மாறாதது ஒன்று உண்டு: நாளின் பெரிய சாப்பாடு எதுவோ அதுவே டின்னர். வேளையைவிட அளவும் சிறப்புமே இச்சொல்லின் உயிர் என்பது என் முடிவு.

வேர்ப்பொருள்தான் உண்மைப் பொருள், எனவே காலை உணவையே டின்னர் எனச் சொல்ல வேண்டும் என்று யாரேனும் வாதிடலாம். அது பொருந்தாது, ஒரு சொல்லின் பிறப்பு அதன் வரலாற்றைக் காட்டும், இன்றைய பொருளைக் கட்டுப்படுத்தாது. இன்று பெரும்பாலோர் இரவு உணவையே டின்னர் என்கிறார்களே என்பது இன்னும் வலுவான மறுப்பு. உண்மைதான். ஆனால் வட இங்கிலாந்தில் பல வீடுகளில் மதிய உணவு இன்றும் டின்னர்தான். மாலை உணவுக்கு அங்கே 'டீ' என்று பெயர். பிரிட்டிஷ் பள்ளிகளின் மதிய உணவு 'ஸ்கூல் டின்னர்'; பகலில் உண்டாலும் கிறிஸ்துமஸ் விருந்து 'கிறிஸ்துமஸ் டின்னர்'. கியூபெக்கிலும் பெல்ஜியத்திலும் இதே சொல்லின் பிரெஞ்சு வடிவமான 'தினே' நண்பகலிலேயே நிற்கிறது. இந்த வழக்குகளெல்லாம் படிக்காதவர் பேச்சு என்று ஒதுக்குவது தவறு. பழைய பொருளைக் காத்து வைத்திருப்பவர்கள் இப்படிப் பேசுபவர்களே. நேரத்தை மாற்றியவர்கள் நகரத்துச் செல்வர்கள்.