வெலிங்டனிலிருந்து ஜித்தா வரை

தொலைவு வேறு, அதைக் கடக்கும் காலம் வேறு. முன்னது மாறாதது, பின்னது ஏறிச் செல்லும் வாகனத்திற்கேற்ப மாறுவது. நீலகிரியின் வெலிங்டன் இதற்குத் தக்க சான்றாகும்.

ஜெகதளா என வழங்கிய அம்மலைப்பகுதியில் படைவீடு அமைத்த ஆங்கிலேயர், அதற்கு வெலிங்டன் பிரபுவின் பெயரை இட்டனர். ஆர்தர் வெல்லெஸ்லி என்னும் இயற்பெயருடைய இவர், 1799ஆம் ஆண்டு சீரங்கப்பட்டணப் போரில் திப்பு சுல்தானை எதிர்த்து வந்த படைகளுள் ஒரு பிரிவை நடத்தியவர். 1796 ஜூனில் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டு, ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி, 1797 பிப்ரவரியில்தான் அவர் கல்கத்தாவை அடைந்தார். ஏறத்தாழ எட்டு மாதங்கள்! இன்று லண்டனிலிருந்து சென்னைக்கு நேரே பறக்கும் விமானத்திற்குப் பத்து மணி நேரத்திற்குச் சற்று மேல் போதும்.

ஆயினும் வெலிங்டனுக்கு ஏறும் மலை இரயில் இன்றும் நிதானமாகவே செல்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899இலும், உதகை வரை 1908இலும் இப்பாதை திறக்கப்பட்டது. கல்லாறு முதல் குன்னூர் வரை பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி உயரும் செங்குத்தான ஏற்றம். தண்டவாளங்களின் நடுவேயுள்ள பற்களை எஞ்சினின் பற்சக்கரம் பற்றிப் பற்றியே ஏற வேண்டும். ஆகவே, வெலிங்டன் வரையிலான முப்பது கிலோமீட்டருக்கும் குறைந்த வழிக்கு மூன்றரை மணி நேரம் ஆகிறது. அதற்குள் சென்னையில் எழுந்த விமானம் மஸ்கட்டை நெருங்கிவிடும்!

நம் ஹஜ் பயணத்தின் வரலாறும் இத்தகையதே. முன்னாளில் ஹாஜிகள் பலர் இரயிலேறிப் பம்பாய் சென்று, அங்கிருந்து கப்பலில் பன்னிரண்டு முதல் பதினைந்து நாட்கள் பயணம் செய்து ஜித்தாவை அடைந்தனர். அக்கப்பல் போக்குவரத்து 1995ஆம் ஆண்டோடு நின்றது. சென்னைக்கும் ஜித்தாவுக்கும் வான்வழித் தொலைவு சுமார் 4,450 கிலோமீட்டர். நேரே பறந்தால் ஏறக்குறைய ஆறு மணி நேரம். வெலிங்டன்வாசி ஒருவர் இரயிலில் சென்னை வந்து சேர இதனினும் மிகுதியான நேரம் வேண்டும்.

காலம் சுருங்கினால் பயணத்தின் சட்டமும் சுருங்குமா? ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தம் ‘மின்ஹாஜ்’ நூலில் இதற்கு வழிகாட்டியுள்ளார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் தொழுகையைச் சுருக்கித் தொழும் சலுகைக்குரிய அளவு இரண்டு மர்ஹலா தொலைவு. கடலில் அத்தொலைவைச் சிறிது நேரத்திலேயே கடந்தாலும் சலுகை உண்டு என்பது அவர்களின் முடிவு. விமானம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, சட்டம் நோக்குவது தொலைவை, வேகத்தை அன்று, என அவர்கள் தெளிவுபடுத்திவிட்டார்கள்.

இதிலிருந்து நாம் பெற வேண்டிய படிப்பினை ஒன்றுண்டு. கப்பலேறிய நம் முன்னோர், திரும்பி வருவோமோ மாட்டோமோ என்றெண்ணிக் கடனை அடைத்தனர். வஸிய்யத் எழுதி வைத்தனர். உற்றார், அண்டை அயலாரிடம் மன்னிப்புக் கேட்டு விடைபெற்றனர். இன்றோ ஆறு மணி நேரப் பயணம்தானே என்ற எண்ணத்தில் இவற்றை ஒத்திப்போடுவோர் பெருகியுள்ளனர். விரைவுப் பயணத்திலும் சலுகை குறையவில்லை என்றால், கடமை மட்டும் எவ்வாறு குறையும்? பயணச்சீட்டு வாங்கும் முன்பே அடியார்களின் ஹக்கை நிறைவேற்றிவிடுவது நம் ஒவ்வொருவர் மீதும் கடமையாகும்.