குளிரைப் பங்கிடுவது யார்? நியூயார்க் வாடகைதாரர்களின் வெப்ப உரிமை

2022 சனவரி 9ஆம் நாள், நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் உள்ள ட்வின் பார்க்ஸ் என்னும் 19 மாடிக் குடியிருப்பில் மின்சார ஹீட்டர் ஒன்று தீப்பற்றியது. தாமாகவே மூடிக்கொள்ள வேண்டிய கதவுகள் மூடவில்லை. படிக்கட்டு வழியே புகை மேல்மாடிகளை நிறைத்தது. எட்டுக் குழந்தைகள் உள்ளிட்ட 17 பேர் மாண்டனர். அவர்களுள் பலர் மேற்கு ஆப்பிரிக்க நாடான காம்பியாவிலிருந்து குடியேறிய குடும்பத்தினர்.

கட்டடத்தின் பொது வெப்பமூட்டும் அமைப்பு இயங்கிக்கொண்டுதான் இருந்தது என்றனர் அதிகாரிகள். அந்த வெப்பம் போதவில்லை என்றனர் குடியிருந்தோர். இயங்குவது வேறு, போதுமானதாக இருப்பது வேறு. வாடகைதாரரின் உரிமை இவ்விரண்டுக்கும் இடையில்தான் இருக்கிறது.

சட்டம் வகுத்துள்ள அளவு

அக்டோபர் 1 முதல் மே 31 வரையிலான காலத்தை நியூயார்க் நகரச் சட்டம் வெப்பப் பருவம் என வரையறுக்கிறது. காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை, வெளியே 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழ் குளிர்ந்தால், வீட்டினுள் குறைந்தது 68 டிகிரி (20 டிகிரி செல்சியஸ்) இருந்தாக வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை, வெளிக்குளிர் எவ்வாறாயினும், 62 டிகிரி இருக்க வேண்டும். வெந்நீர் ஆண்டு முழுவதும் கிடைக்க வேண்டும். கொதிகலன் ஓடுகிறது என்று உரிமையாளர் கூறுவது விடையாகாது; அறையின் வெப்பநிலையே சான்று.

மேலும், வாடகை வீடு மனிதர் வாழத் தகுதியுடையதாக இருக்க வேண்டும் என்ற உறுதிமொழி ஒவ்வொரு வாடகை ஒப்பந்தத்திலும் அடங்கியுள்ளதாக மாநிலச் சட்டம் கொள்கிறது. அதனை விட்டுக்கொடுப்பதாகக் கையொப்பமிட்டிருந்தாலும் அக்கையொப்பம் செல்லாது.

முறையீட்டின் வழி

முதலில் உரிமையாளருக்கு எழுத்து வடிவில் தெரிவித்து, அதன் படியைப் பாதுகாக்க வேண்டும். நாள், நேரம், உள்வெப்பநிலை, வெளிவெப்பநிலை ஆகியவற்றை நாள்தோறும் குறித்துவைத்தல் நன்று. பின்னர் 311 என்ற எண்ணில் நகர நிர்வாகத்திடம் முறையிடலாம். முறையிடுவோரின் குடியேற்ற நிலை அங்கு கேட்கப்படுவதில்லை. வீட்டுவசதித் துறையின் ஆய்வாளர் நேரில் அளந்து, குறைபாடு உறுதியானால், உடனடி ஆபத்து என்னும் மிகக் கடுமையான வகையில் விதிமீறலைப் பதிவு செய்வார். உரிமையாளர் சரிசெய்யத் தவறினால், நகர நிர்வாகமே பழுது நீக்கி, செலவை அவர்மீது சுமத்தலாம்.

வீட்டுவசதி நீதிமன்றத்தில் பழுதுநீக்க ஆணை கோரி வாடகைதாரரே வழக்குத் தொடுக்கவும் முடியும். கட்டணம் செலுத்த இயலாதோர் விலக்குக் கோரலாம். குளிரில் கழிந்த நாள்களுக்கு வாடகைக் குறைப்பும் கேட்கலாம். ஆனால், வாடகையை நிறுத்திவைப்பது ஆபத்தான வழி. உரிமையாளர் நிலுவை வழக்குத் தொடுப்பார். அப்போது அத்தொகை கையில் இல்லையெனில் வீடே பறிபோகலாம். சட்ட உதவியின்றி இவ்வழியில் இறங்க வேண்டாம் என்பதே நம் கருத்து.

அச்சமே தடை

இத்தனை இருந்தும் மக்கள் ஏன் ஹீட்டரை மூட்டிக்கொண்டு மௌனமாக இருக்கின்றனர்? வெளியேற்றப்படுவோம் என்ற அச்சமே காரணம். முறையிட்ட ஓராண்டுக்குள் உரிமையாளர் வெளியேற்ற முற்பட்டால், அது பழிவாங்கல் என்றே மாநிலச் சட்டம் முதலில் கருதுகிறது. அவ்வாறன்று என மெய்ப்பிக்கும் பொறுப்பு உரிமையாளருடையது. ஆயினும், உரிமையாளரும் வசிக்கின்ற, நான்கிற்கும் குறைவான வீடுகள் கொண்ட கட்டடங்களுக்கு இப்பாதுகாப்பு இல்லை. 2017இல், வெளியேற்ற வழக்குகளில் ஏழை வாடகைதாரருக்கு இலவச வழக்கறிஞர் பெறும் உரிமையை அமெரிக்க நகரங்களுள் முதலாவதாக நியூயார்க் சட்டமாக்கியது. ஆனால் வழக்குகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப வழக்கறிஞர்கள் இல்லை.

குளிரும் எல்லோருக்கும் ஒன்றுபோல் வாய்ப்பதில்லை. 1930களில் அமெரிக்க அரசு அமைப்பு வரைந்த வரைபடங்களில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் சிவப்பு வண்ணமிடப்பட்டு, கடனுக்குத் தகுதியற்றவையாக ஒதுக்கப்பட்டன. 1968ஆம் ஆண்டின் நியாய வீட்டுவசதிச் சட்டம் இன அடிப்படையிலான பாகுபாட்டைத் தடை செய்தது. முதலீடு மறுக்கப்பட்ட தலைமுறைகளின் இழப்பை அச்சட்டம் ஈடுசெய்யவில்லை.

அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை பயின்றது இதே நியூயார்க்கில்தான். நாடு திரும்பிப் பரோடாவில் பணியேற்றபோது, அவருக்கு வாடகைக்கு இடம் தர எவருமில்லை. தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்தும் தடியேந்திய கும்பலால் வெளியேற்றப்பட்டார். உயர்கல்விப் பட்டம் அவருக்கு ஒரு கூரையைப் பெற்றுத் தரவில்லை. எந்த நேரமும் வெளியேற்றப்படலாம் என்ற நிலையில் உள்ளவர், கூரை ஒழுகுகிறது என்றோ அறை குளிர்கிறது என்றோ கேட்கத் துணியமாட்டார். ஆகவே, வெப்பநிலைக்கு எண் வகுக்கும் சட்டத்தோடு, காரணமின்றி வெளியேற்ற முடியாத குடியிருப்பு உரிமையும், முறையிடுவோருக்கு வழக்கறிஞரும் சேர்ந்தே கோரப்பட வேண்டும் என்று நாம் வலியுறுத்துகிறோம்.