விமான நிலையங்களின் பெயர்களில் இருக்கும் மனிதர்கள்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியில் தயாராகும் கைபேசிகள் மீனம்பாக்கம் வழியாக விமானம் ஏறி வெளிநாடு செல்கின்றன. உம்ராவுக்கும் வளைகுடா வேலைக்கும் செல்லும் நம் குடும்பத்தாரும் அங்கிருந்துதான் புறப்படுகிறார்கள். இறங்கும் இடங்களில் பல விமான நிலையங்களுக்கு மனிதர்களின் பெயர்களே சூட்டப்பட்டுள்ளன. அவர்கள் யார் என்பதை நம் பிள்ளைகளும் தெரிந்துகொள்ளலாம்.

காமராஜரும் அண்ணாவும்

மீனம்பாக்கத்தில் உள்நாட்டு முனையத்துக்குக் காமராஜர் பெயரும், பன்னாட்டு முனையத்துக்கு அறிஞர் அண்ணா பெயரும் சூட்டப்பட்டன. விருதுநகரில் 1903-ல் பிறந்த காமராஜர், 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்து, ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் மதிய உணவு கிடைக்கச் செய்தவர். அண்ணா 1909-ல் காஞ்சிபுரத்தில் பிறந்தவர். 1967 தேர்தலில் காமராஜரின் காங்கிரசை வீழ்த்தி முதலமைச்சரானவர். தேர்தல் களத்தில் எதிரெதிராக நின்ற இருவரின் பெயர்களும் ஒரே விமான நிலையத்தில் அருகருகே இடம்பெற்றன.

ஸ்ரீபெரும்புதூரும் ஐதராபாத்தும்

ஐதராபாத் அருகே ஷம்ஷாபாத்தில் 2008 மார்ச்சில் திறக்கப்பட்ட விமான நிலையம் ராஜீவ் காந்தியின் பெயரைத் தாங்குகிறது. அவர் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானியாகப் பணியாற்றியவர். தம்பி சஞ்சய் 1980-ல் விமான விபத்தில் இறந்த பிறகே அரசியலுக்கு வந்தார். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் தேர்தல் கூட்டத்துக்கு வந்தபோது குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். அவருடைய நினைவிடம் அங்கு உள்ளது. டெல்லி பாலம் விமான நிலையத்துக்கு 1986-ல் அவருடைய தாயார் இந்திரா காந்தியின் பெயர் வைக்கப்பட்டது.

தந்தையும் மூன்று மகன்களும்

சவூதியில் நம்மவர்கள் இறங்கும் நான்கு விமான நிலையங்களின் பெயர்களும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஜித்தாவில் இருப்பது 1932-ல் சவூதி அரேபியாவை நிறுவிய மன்னர் அப்துல் அஸீஸின் பெயர். ரியாத்தில் மகன் காலித், தம்மாமில் மகன் ஃபஹத். மதீனா விமான நிலையத்தின் பெயரில் உள்ள முஹம்மது, இளவரசர் முஹம்மது பின் அப்துல் அஸீஸைக் குறிக்கிறது. பட்டத்து உரிமையைத் தம்பி காலிதுக்கு விட்டுக்கொடுத்தவர் இவர். அங்கு முதன்முறை இறங்குபவர்கள் அதை நபி (ஸல்) அவர்களின் பெயர் என்று கருதிவிட வேண்டாம்.

பலகையில் இடம்பெறாத ஒருவர்

ஜித்தாவின் ஹஜ் முனையத்தில் கூடாரங்களைப் போல விரிந்து நிற்கும் கூரையைக் கட்டமைத்த பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான், 1929-ல் டாக்காவில் பிறந்தவர். சிகாகோவின் சியர்ஸ் கோபுரத்துக்கும் கட்டமைப்புப் பொறியாளர் அவரே. 1982-ல் ஜித்தாவில் இருந்தபோதே காலமானார். லட்சக்கணக்கான ஹாஜிகளுக்கு நிழல் தரும் அந்த விமான நிலையத்தின் பெயர்ப்பலகையில் அவர் பெயர் இல்லை.

மாறும் பெயர்கள்

ஆட்சி மாறினால் பெயரும் மாறுவதுண்டு. டாக்காவில் முன்னாள் அதிபர் ஜியாவுர் ரஹ்மானின் பெயரில் இருந்த விமான நிலையம், 2010-ல் சில்ஹெட்டில் அடக்கமாகியிருக்கும் இறைநேசர் ஹஜ்ரத் ஷாஜலால் பெயருக்கு மாறியது. இலங்கையில் 2013-ல் திறக்கப்பட்ட மத்தள விமான நிலையத்துக்கு, அப்போது பதவியில் இருந்த அதிபர் ராஜபக்சவின் பெயரே வைக்கப்பட்டது. அமெரிக்காவின் லூயிவில் நகரம் பதவி பார்க்கவில்லை. தன் மண்ணில் பிறந்த குத்துச்சண்டை வீரர் முஹம்மது அலியின் பெயரை 2019-ல் தன் விமான நிலையத்துக்குச் சூட்டியது.

இனி வரும் பெயர்

காஞ்சிபுரம் மாவட்டம் பரந்தூரில் சென்னையின் இரண்டாவது விமான நிலையம் அமையும் என்று 2022-ல் அறிவிக்கப்பட்டது. தேவைப்படும் நிலம் 5,000 ஏக்கருக்கும் மேல். வீடும் வயலும் ஏரியும் பறிபோகும் என்று ஏகனாபுரம் உள்ளிட்ட கிராமத்தினர் போராடி வருகிறார்கள். அந்த விமான நிலையம் அமைந்தால் யார் பெயரை வைப்பது என்ற விவாதமும் வரும். எந்தத் தலைவரின் பெயர் வந்தாலும், ஓடுபாதையின் அடியில் இருக்கப்போவது நெல் விளைந்த நிலம். பலகையில் இருப்பவர் யார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, அந்த நிலத்தில் வாழ்ந்தவர்கள் யார் என்பதையும் சேர்த்துச் சொல்வோம்.