சோஷலிசமா, கேபிடலிசமா? மூணாறைக் கேளுங்கள்

இங்கே நம்மவர்கள் நாலு குடும்பம் கூடினால் போதும், சாப்பாடு முடிந்ததும் காலேஜ் படிக்கும் பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு கட்சிக்கு சோஷலிசம்தான் விமோசனம். இன்னொரு கட்சிக்கு, சந்தையைச் சும்மா விட்டாலே எல்லாம் சரியாகிவிடும். உதாரணம் கேட்டால் சுவீடன், கியூபா, சிங்கப்பூர் என்று உலகம் சுற்றுவார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? போடியிலிருந்து மலையேறினால் மூணாறு. இடுக்கி மாவட்டத்தின் அந்த ஒரே மலை இரண்டையும் பார்த்துவிட்டது.

முதலில் வந்தது முதலாளித்துவம். 1897-ல் வெள்ளைக்காரர்களின் ஃபின்லே நிறுவனம் கண்ணன் தேவன் கம்பெனியைத் தொடங்கியது. கொழுந்து பறிக்கக் கங்காணிகள் தமிழ்க் கிராமங்களிலிருந்து ஆள் சேர்த்து வந்தார்கள். குடியிருக்க லயம், அதாவது ஒரே வரிசையாகக் கட்டிய சின்னச் சின்ன வீடுகள். வேலை இருக்கும்வரை வீடு. வேலை போனால் வீடும் போச்சு.

அடுத்து சிவப்புக் கொடி. 1957-ல் ஈ.எம்.எஸ். ஆட்சி அமைந்தது. மயிரிழை மெஜாரிட்டிதான். அதனால் 1958 தேவிகுளம் இடைத்தேர்தல் வாழ்வா சாவா என்றானது. இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராஜன் எஸ்டேட் எஸ்டேட்டாகப் பாடி ஓட்டுக் கேட்டார். கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார். ஆனால் அதே வருடம் அக்டோபரில், தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் போலீஸ் சுட்டு இரண்டு பேர் செத்தார்கள். சுட்டது அந்த ஆட்சியின் போலீஸ்தான்.

பிறகு வந்தது கேரளாவின் புகழ்பெற்ற நிலச்சீர்திருத்தம். 1970-ல் அமலுக்கு வந்த சட்டத்தால் லட்சக்கணக்கான குத்தகைதாரர்கள் நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். பெரிய சாதனை, மறுக்கவே முடியாது. ஆனால் தோட்டங்களுக்கு அதில் விலக்கு! கண்ணன் தேவன் மலை நிலத்தை மீட்க 1971-ல் தனிச் சட்டம் போட்டார்கள். அப்போதும் தேயிலை விளைந்த நிலம் கம்பெனியிடமே இருந்தது. லயமும்தான்.

இனி மூன்றாவது வழி. தேயிலை விலை சரிந்தது, தோட்டம் நடத்தக் கட்டுப்படியாகவில்லை. டாடா டீ 2005-ல் புதுக் கம்பெனி ஒன்றை உருவாக்கி, பெரும்பான்மைப் பங்குகளை ஊழியர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் கொடுத்துவிட்டு, தான் சிறு பங்கோடு ஒதுங்கிக்கொண்டது. பங்குதாரர்கள் 12 ஆயிரத்துக்கும் மேல். தொழிலாளியே முதலாளி! இரண்டு கட்சிப் பிள்ளைகளுமே இதற்குக் கைதட்டுவார்கள்.

பத்து வருடம் கழித்து, 2015 செப்டம்பரில், அந்தப் 'பங்குதாரர்கள்' நடுரோட்டில் உட்கார்ந்தார்கள். போனஸ் 10 சதவீதமாகக் குறைந்திருந்தது. தினக்கூலி 232 ரூபாய். ஆயிரக்கணக்கான பெண்கள், பெரும்பாலும் தமிழர்கள். 'பெம்பிளை ஒருமை' என்று பேர் வைத்துக்கொண்டார்கள். தொழிற்சங்கத் தலைவர்கள் கம்பெனியோடு கூட்டு என்று சொல்லி, இடது வலது பார்க்காமல் எல்லோரையும் விரட்டினார்கள். ஒன்பது நாளில் போனஸும் கருணைத்தொகையுமாக 20 சதவீதம் வாங்கினார்கள். கூலி 500 கேட்டார்கள், கிடைத்தது 301.

2020 ஆகஸ்ட் 6 இரவு, பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 உயிர்கள். முதலாளி, ஆட்சி, பங்கு எல்லாம் மாறியும், கொழுந்து பறிப்பவர் படுத்துறங்கிய கூரை மட்டும் அவருக்குச் சொந்தமாகவில்லை.

அதனால் இசம் எது என்று கேட்கும் பிள்ளைகளிடம் நான் திருப்பிக் கேட்பது மூன்று கேள்விகள். வீடு யார் பேரில்? முடிவெடுக்கும் மேசையில் யாருக்கு நாற்காலி? வேலையை விட்டால் கையில் என்ன மிஞ்சும்? வேலை போனால் விசாவும் போய்விடுமே என்ற பயத்தோடு வருடக்கணக்கில் இங்கே காலம் தள்ளிய அப்பா அம்மாக்களுக்கு இந்தக் கேள்விகளை விளக்க வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கு விளக்குங்கள். விவாதம் கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும், பரவாயில்லை.