வார இறுதிப் பயணமும் வதிவிட அட்டையும்: சுவிசில் வாழும் தம்பதியருக்கு

சுவிற்சர்லாந்தில் முப்பது வருடங்கள் உழைத்து, பிள்ளைகளைப் படிப்பித்து அனுப்பிவிட்டு, இப்போது கணவனும் மனைவியுமாக இருவர் மட்டும் வீட்டில் இருக்கும் எம்மவர் தொகை கூடிக்கொண்டு வருகிறது. இவர்களில் பலர் நாட்டின் அநேக மாநிலங்களுக்கும் போய் வந்தவர்கள். ஆனால் போன இடங்களில் பார்த்தது மண்டபங்களைத்தான். கலியாணவீடு, சாமத்தியவீடு, பிறந்தநாள், அந்தியேட்டி என்று சனிக்கிழமை மாலை காரில் ஏறி, நள்ளிரவு கடந்து வீடு திரும்பினால் வார இறுதி முடிந்துவிடும். மண்டபத்துக்கு வெளியே ஏரி இருந்ததா, மலை இருந்ததா என்று கேட்டால் வாகனத் தரிப்பிடம் மட்டுமே நினைவில் நிற்கும்.

உணவகச் சமையலறைகளில் வேலை செய்தவர்களுக்கு அந்த வார இறுதியும் கிடைத்ததில்லை. அவர்களின் ஓய்வு நாள் பெரும்பாலும் திங்கள் அல்லது செவ்வாய். இதில் ஒரு நன்மையும் உண்டு: அந்த நாட்களில் ரயிலில் சனம் குறைவு. திங்களில் பல அருங்காட்சியகங்கள் பூட்டியிருக்கும் என்பது மட்டும் கவனிக்க வேண்டியது.

பயணம் என்றதும் மற்றவர்கள் வரைபடத்தை விரிப்பார்கள். நாங்கள் முதலில் பார்க்க வேண்டியது, எம்மவர் 'விசா' என்றே சொல்லும் வதிவிட அட்டையை. தஞ்சம் வழங்கப்பட்டு அகதியாக ஏற்கப்பட்டவருக்கு, 1951ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின் 28ஆவது பிரிவின்படி நீல நிறப் பயண ஆவணம் கிடைக்கும். செல்லுபடியான நீலப் புத்தகத்தையும் வதிவிட அட்டையையும் சேர்த்துக் கொண்டுபோனால், ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாட்களிலும் 90 நாட்கள் வரை விசா இல்லாமல் தங்கலாம். 2008 டிசம்பரில் சுவிஸ் ஷெங்கனுக்குள் வந்ததால் கிடைத்த வசதி இது. பாரிஸ், மிலான், கொலோன் எல்லாம் இதற்குள் அடங்கும்.

எஃப் அட்டையில் இரண்டு வகை உண்டு. அகதியாக ஏற்கப்பட்டும் தஞ்சம் வழங்கப்படாமல் தற்காலிக அனுமதியில் இருப்பவருக்கு நீலப் புத்தகம் கிடைக்கும். அகதி அந்தஸ்து இல்லாத வெறும் தற்காலிக அனுமதி என்றால், சுவிஸ் எல்லையைத் தாண்டுவதற்கு முன்கூட்டியே தனி அனுமதி பெறவேண்டும். நெருங்கிய உறவினரின் கடும் நோய், மரணம் போன்ற காரணங்கள் அதற்குத் தேவை. 

ஒரே வீட்டில் இரண்டு விதமான ஆவணங்கள் இருப்பதும் எம்மிடையே சாதாரணம். மனைவி சுவிஸ் குடியுரிமை பெற்றுச் சிவப்புக் கடவுச்சீட்டு வைத்திருப்பார். கணவரிடம் இன்னும் நீலப் புத்தகம். இலண்டனில் தம்பியின் மகளுக்குக் கலியாணம் என்றால் மனைவி இணையத்தில் முன் அனுமதி எடுத்துவிட்டு விமானம் ஏறலாம். கணவர் விசாவுக்கு விண்ணப்பித்து, கைரேகை கொடுத்து, வங்கிக் கணக்கு விபரம் காட்டிக் காத்திருக்க வேண்டும். அகதிகளுக்கு விசாவை விலக்கும் 1959ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒப்பந்தத்தை பிரித்தானியா 2003இல் இடைநிறுத்திவிட்டது. ஆகவே இலண்டனை வார இறுதிப் பயணமாகத் திட்டமிட வேண்டாம். மாதக்கணக்கில் முந்தியே தொடங்குங்கள்.

தாய்நாடு பற்றி ஒரு வரி எழுதாமல் விடமுடியாது. அகதியாக ஏற்கப்பட்டவர் சொந்த நாட்டுக்குப் போவதைச் சுவிஸ் சட்டம் தடைசெய்கிறது. மூன்றாம் நாடு ஒன்றின் வழியாகச் சுற்றிப் போனாலும் தடை தடைதான். நிர்ப்பந்தத்தால் போனதாக நம்பும்படி காட்டமுடியாவிட்டால் அகதி அந்தஸ்து பறிபோகும். "மலிவான ரிக்கெற் கிடைத்தது, ஒரு கிழமை போய்வந்தேன், ஒன்றும் நடக்கவில்லை" என்று யாராவது சொன்னால், அந்தக் கதையை நம்பி உங்கள் முப்பது வருடங்களைப் பந்தயம் வைக்காதீர்கள்.

எல்லை தாண்ட முடியாதவர்கள் ரயில் பாதையையும் பார்க்கவேண்டும். பிரசித்தி பெற்ற சிவப்புப் பெர்னினா ரயில் 2,253 மீற்றர் உயரத்தைக் கடந்து இறங்கி இத்தாலியின் தீரானோவில் முடிகிறது. வட்டமாகச் சுழன்று இறங்கும் புரூசியோ கல்பாலம் சுவிஸ் மண்ணில்தான் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, கடைசிச் சுவிஸ் நிலையமான கம்போகொலோனோவிலோ அதற்கு முன்போ இறங்கித் திரும்பலாம். 150 மீற்றர் அகலமான ரைன் நீர்வீழ்ச்சிக்கும் இரண்டு வழிகள் உண்டு. சூரிச்சில் இருந்து ராஃப்ஸ் வழியாக ஷவ்ஹவுசன் போகும் ரயில் இடையில் ஜேர்மன் மண்ணைக் கடக்கும். வின்ரத்தூர் வழியாகப் போனால் முழுவதும் சுவிஸ், லவுஃபன் கோட்டை நிலையத்தில் இறங்கினால் நீர்வீழ்ச்சி காலடியில். 2023 ஒக்ரோபரில் ஜேர்மனி தன் சுவிஸ் எல்லையில் மீண்டும் சோதனையைத் தொடங்கியதால் இது சின்ன விடயமல்ல. பாசலில் 8ஆம் இலக்க ட்ராம் ஜேர்மனிக்கும் 3ஆம் இலக்கம் பிரான்சுக்கும் போவதை அங்குள்ளவர்கள் அறிவார்கள், வெளியூர்க்காரர் தூங்கிவிடக்கூடாது.

இனிக் கணக்கு, என் தொழிலும் அதுதான். அரைக் கட்டண அட்டை முதல் வருடம் 190 பிராங், புதுப்பிக்கும்போது 170. புதுப்பித்த அட்டை என்றால், வருடத்தில் ஒருவருடைய முழு விலைப் பயணச்சீட்டு 340 பிராங்கைத் தாண்டினால் அட்டைக் காசு திரும்பிவிடும். பேர்ணில் இருந்து சூரிச்சுக்குச் சில தடவை போய்வந்தாலே அந்தத் தொகை வந்துவிடும். இதைவிடப் பலருக்குத் தெரியாதது, நகரசபைகளும் கிராமசபைகளும் விற்கும் நாள் அட்டை. 2024இல் முறை மாறியது. இப்போது அரைக் கட்டண அட்டை உள்ளவருக்கு, பத்து நாட்களுக்கு முன் எடுத்தால் இரண்டாம் வகுப்பு 39 பிராங், பிந்தினால் 59. ஒரு நாள் முழுவதும் ரயில், பேருந்து, அநேக ஏரிக் கப்பல்கள் எல்லாம் இதில் அடங்கும். மாதம் ஒருமுறை இருவரும் 39 பிராங் அட்டையில் போனால் வருடத்துக்கு 936 பிராங். புதுப்பித்த இரண்டு அரைக் கட்டண அட்டைகளையும் சேர்த்தால் 1,276. மண்டபங்களுக்குப் போகும் சனிக்கிழமைகளில் காசு உறைக்கும் சேலைக்கும் பெற்றோலுக்கும் செலவானதை ஒரு வருடம் எழுதிவைத்துப் பாருங்கள். கொண்டாட்டங்களுக்குப் போகவேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு தொகையோடு மற்றதை ஒப்பிடச் சொல்கிறேன்.

அந்த அட்டைக்கு மிகப் பெறுமதியான நாள் எது என்று கேட்டால் ரீகி மலை என்பேன். லுட்சேர்ன் நிலைய வாசலிலேயே கப்பல் நிற்கும். ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் விட்ஸ்னாவ். அங்கிருந்து 1871இல் ஓடத் தொடங்கிய, ஐரோப்பாவின் முதல் பற்சில்லு மலை ரயிலில் ஏறினால் அரை மணித்தியாலத்தில் உச்சி. திரும்பும்போது மறுபக்கம் ஆர்த்-கோல்டாவுக்கு இறங்கலாம். கப்பலும் மலை ரயிலும் அதே அட்டையில். மேலதிகமாக ஒரு சதமும் இல்லை. முழங்கால் நோ உள்ளவர்களும் போகலாம், நடக்கவேண்டியது கொஞ்சம்தான். யுங்ஃபிறாவ் அப்படியல்ல: நாள் அட்டை கிரிண்டல்வால்ட், வெங்கன் வரைக்கும்தான் முழுமையாகச் செல்லும், அதற்கு மேல் செலவு வேறு.

சாப்பாட்டை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். புளிச்சாதமும் பொரித்த மிளகாயும் ரோல்சும் சுடுநீர்ப் போத்தலில் தேத்தண்ணீரும் போதும். ஏரிக்கரைகளிலும் காட்டோரங்களிலும் நெருப்பு மூட்டிச் சமைக்க இடங்கள் கட்டியிருக்கிறார்கள், சில இடங்களில் விறகும் அடுக்கியிருக்கும். வீட்டில் ஊறவைத்த கோழியை அங்கே வாட்டலாம். கடும் வெயில் காலத்தில் நெருப்புத் தடை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போங்கள்.

கோயில் நேர்த்தியோடு சேர்த்துப் போக விரும்புபவர்களுக்கு இரண்டு இடங்கள்: ஐன்சீடெல்னின் கறுப்பு மாதா, பாசலுக்குக் கிட்ட மரியாஸ்ரைன். இரண்டிலும் கத்தோலிக்கரோடு எமது சைவர்களும் மெழுகுதிரி கொளுத்துவதைக் காணலாம். மடுவுக்குப் போன பழக்கம். மரியாஸ்ரைனுக்கு பாசலில் இருந்து 10ஆம் இலக்க ட்ராமில் ஏறி ஃபுளூவில் இறங்கிப் பேருந்து எடுக்கவேண்டும். இறங்காமல் இருந்துவிட்டால் அடுத்து வரும் லைமன் பிரான்ஸ் நாட்டுக் கிராமம். நீலப் புத்தகம் வீட்டு அலுமாரியில் இருந்தால் ஃபுளூவிலேயே இறங்கிவிடுங்கள்.